குழந்தைகளும் ஸ்போர்ட்ஸ் காரும்

கலியாணமாகி, வீட்டில் இரண்டு குழந்தைகள் ஓடியாடத் தொடங்கிய பிறகு, ஒரு மனிதனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை வரலாமா? வரக்கூடாதென்று எந்தத் தர்ம சாஸ்திரமும் சொல்லவில்லை. பார்க்கப்போனால் அந்த வயதில்தான் அந்த ஆசை அதிகமாக வருகிறது. இருபது வயதில் ஆசை இருக்கும், பணம் இராது. முப்பத்தைந்தாவது வயதில் கையில் கொஞ்சம் பணம் சேர்கிறது. ஆனால் அதற்குள் பின் ஆசனத்தில் உட்கார இரண்டு பேரும் சேர்ந்து விடுகிறார்கள்.

நம்மிடம் பௌதிகம் படித்த பழைய மாணாக்கர் ஒருவர் இப்போது இந்தச் சங்கடத்தில் அகப்பட்டுக் கொண்டிருக்கிறார். இங்கிலாந்தில் உத்தியோகம். ஐந்து வயதில் ஒரு பெண், இரண்டு வயதில் ஒரு பையன். பெண்ணின் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். தினந்தோறும் அங்கே போய்வரப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க உத்தேசம். மாஸ்டா ஆர்.எக்ஸ். 8 என்னும் வண்டியில் அவருக்கு மோகம்; நாலு கதவு, நாலு ஆசனம், விலையும் குறைவு. "நீங்கள் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினீர்களே, அதே வாங்கல் யந்திரம்தான் ஸார் இதில் இருக்கிறது. வாங்கலாமா?" என்று எழுதியிருக்கிறார். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் வாத்தியாரிடம் கார் விஷயத்தில் யோசனை கேட்பானேன் என்று நேயர்கள் நினைக்கலாம். நமக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆயினும் யந்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பெலிக்ஸ் வாங்கல் என்னும் ஜெர்மானியர் வகுத்த அந்த யந்திரம் ஓர் அற்புதந்தான். சாதாரண மோட்டார் யந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வந்து கொண்டிருக்கும். இதில் அப்படியில்லை. முக்கோண வடிவமான இரும்புத் துண்டு ஒன்று, இடை சற்றே ஒடுங்கிய அறைக்குள் சுழன்று கொண்டே இருக்கிறது. அதன் மூன்று பக்கங்களிலும் மாறி மாறி வெடிப்பு நிகழ்கிறது. குலுக்கலில்லை, அதிர்ச்சியில்லை. ஆர்.எக்ஸ். 8-ல் இப்படி இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றும் 654 கன சென்டிமீட்டர். மொத்தம் 1308 கன சென்டிமீட்டரில், இங்கிலாந்தில் விற்ற கார்களில், 231 குதிரைச் சக்தி வரைக்கும் எடுத்தார்கள். 2003 முதல் 2012 வரையில் அந்தக் கார் தயாரிக்கப்பட்டது. இவ்வளவும் நாம் சந்தோஷமாகச் சொல்லக்கூடியவை.

இனி, சொல்ல வருத்தப்படும் சமாசாரங்கள். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய அடைப்புப் பட்டைகள் இருக்கின்றன. அவை அறையின் சுவரை உராய்ந்தபடியே ஓடுவதால், எண்ணெயை வேண்டுமென்றே அறைக்குள் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். ஆகையால் எண்ணெய் குறைவது இந்த யந்திரத்தில் வியாதியன்று, சுபாவம். எண்ணெய் அளவைப் பார்க்கச் சோம்பும் சொந்தக்காரரிடம் அகப்பட்ட யந்திரம் அகாலத்தில் மாண்டு போகும். பட்டைகள் தேய்ந்து விட்டால் அழுத்தம் குறைகிறது. அப்போது காலையில் குளிர்ந்த நிலையில் எப்படியோ கிளம்பிவிடும் கார், சூடான பிறகு நிறுத்திவிட்டு மறுபடி முடுக்கினால் கிளம்ப மறுக்கும். பெட்ரோல் செலவோ, கம்பெனி கொடுத்த கணக்குப்படியே 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டருக்கு மேல். ஊருக்குள் ஓட்டினால் இன்னும் அதிகம்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். மாணாக்கரின் கடிதத்தில் நம்மைத் திடுக்கிட வைத்தது அந்த ஒன்றரை மைல்தான்.

குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவது அற்பமான வேலை, இவ்வளவு பலமுள்ள யந்திரத்துக்கு அது விளையாட்டு என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை நேர் எதிரானது. யந்திரத்துக்கு நூறு மைல் நெடும் பிரயாணம் சுகம். ஒன்றரை மைல் பிரயாணந்தான் தண்டனை. எண்ணெய் சூடேறி இளகிப் பாய்வதற்கு முன்பே பள்ளிக்கூட வாசல் வந்துவிடும். எரியாத பெட்ரோலும், எரிந்ததில் உண்டான நீராவியும் எண்ணெயில் கலந்து தங்கும். வாங்கல் யந்திரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. குளிர்ந்த நிலையில் முடுக்கி, நாலடி நகர்த்தி நிறுத்திவிட்டால், அறைக்குள் தெளித்த பெட்ரோல் அங்கேயே நின்று, சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். பிறகு முடுக்கினால் கிளம்பாது. பக்கத்து வீட்டுக்காரர் வழிவிடச் சொன்னார் என்று காரைச் சற்றே ஒதுக்கி நிறுத்திய குற்றத்துக்கு, மறுநாள் காலையில் குழந்தையை மழையில் நடத்திக் கூட்டிப்போக வேண்டி வரும்!

"அப்படியானால் போர்ஷே 911?" என்று கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருக்கிறார். பின்குறிப்பில் எழுதியதிலிருந்தே அது மனைவியாருக்குத் தெரியாமல் எழுதியதென்று ஊகிக்கிறோம். அந்தக் காரிலும் பின்னால் இரண்டு சிறிய ஆசனங்கள் உண்டு. யந்திரம் அவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. மலிவாகக் கிடைப்பவை 1998-க்குப் பிறகு வந்த 996 என்னும் வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசையிலும், அதற்கடுத்த 997 வரிசையின் 2008 வரையிலான கார்களிலும், யந்திரத்தின் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்று சில கார்களில் முன்னறிவிப்பில்லாமல் உடைந்து போகிறது. உடைந்தால் யந்திரம் முழுவதும் நாசம். வாங்கும் விலையில் பெரும் பகுதியை அந்த ஒரு பழுது விழுங்கிவிடும். குழந்தைகளின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தொடாமல் இதைச் சமாளிக்கக் கூடியவர்கள் தாராளமாக வாங்கட்டும். நம் மாணாக்கர் அந்த ஜாதியைச் சேர்ந்தவரல்ல.

யந்திரம் இருக்கட்டும். வண்டியைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். முதலில் பின் ஆசனம், பிறகு கதவு, பிறகு சாமான் அறை, யந்திரம் கடைசியில். வாங்குகிறவர்கள் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மூடியைத் திறந்து யந்திரத்தைப் பார்த்துப் பரவசமடைந்து, பணத்தையும் கொடுத்து வீட்டுக்கு வந்த பிறகு, குழந்தை ஆசனம் கதவுக்குள் நுழையவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் பௌதிகம் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். மணிக்கு 30 மைல் என்பது ஊருக்குள் ஓட்டும் சாதாரண வேகம். அந்த வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது, சுமார் 9 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமானம். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கையால் பிடித்துக் கொள்வேன் என்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். சிறு குழந்தையின் தலை உடம்புக்குப் பொருந்தாத கனமுள்ளது, கழுத்தோ இளசு. ஆகையினால்தான் சின்னஞ்சிறு குழந்தையைப் பின்புறம் பார்க்க உட்கார வைக்கிறார்கள். மோதும்போது தலையையும் முதுகையும் ஆசனமே சேர்த்துத் தாங்கிக் கொள்கிறது. இங்கிலாந்தின் சட்டப்படி 12 வயது நிறையும் வரையில், அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வளரும் வரையில், எது முந்துகிறதோ அதுவரையில், குழந்தை ஆசனம் அவசியம். முன்னால் காற்றுப் பை இயங்கும் நிலையில் இருக்கும்போது, பின்புறம் பார்க்கும் ஆசனத்தை அங்கே வைப்பது குற்றம். விரியும் பை ஆசனத்தையே அறைந்து குழந்தையைக் கொன்றுவிடக் கூடும். எனவே மாஸ்டா எம்.எக்ஸ். 5 போன்ற இரண்டே ஆசனமுள்ள கார்களைப் பற்றி விவாதமே வேண்டாம். இரண்டு குழந்தைகளையும் பெற்றோரில் ஒருவரையும் இரண்டு ஆசனங்களில் அடக்கும் கணிதம் நமக்குத் தெரியாது.

பையனின் ஆசனம் பின்புறம் பார்ப்பதென்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அது நிறைய இடம் அடைக்கும். அதன் முன்னால் உட்காருகிறவர் முழங்காலை முகவாய்க்கட்டையில் வைத்துக் கொள்ள நேரிடலாம். ஐஸோபிக்ஸ் என்னும் இரும்புக் கொக்கிகள் பின் ஆசனத்தின் மடிப்பில் இருக்கின்றனவா என்று விரலை விட்டே பார்க்க வேண்டும். விளம்பரத்தை நம்பக் கூடாது.

ஆர்.எக்ஸ். 8-ன் கதவுகள் பார்க்க அழகானவை. பின் கதவின் கீல் பின்னால் இருக்கிறது. அலமாரி திறப்பது போல் இரண்டு கதவுகளும் எதிரெதிராகத் திறக்கும். ஆனால் முன் கதவைத் திறக்காமல் பின் கதவைத் திறக்க முடியாது. கடைத்தெருவில் இரண்டு கார்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, இரண்டு கதவுகளுக்கும் இடையே உண்டான கூண்டுக்குள் நின்றுகொண்டு, தூங்கும் பையனைக் குனிந்து தூக்கி வெளியே எடுக்கும் தாயாரின் முதுகை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்ந்தது. ஆகவே அதிகமாகவே குனிய வேண்டும். பின் கதவின் கண்ணாடி இறங்காது. காரில் வாந்தியெடுக்கும் குழந்தை உள்ள வீட்டில் இது சாமானிய விஷயமல்ல. சாமான் அறை சுமார் 290 லிட்டர். அளவைவிட அதன் வாய்தான் சிறிது. குழந்தை வண்டியை மடக்கி உள்ளே வைத்துப் பார்த்த பிறகே பேரம் பேச வேண்டும்.

பின் எதைத்தான் வாங்குவது? வோக்ஸ்வாகன் கால்ப் ஜி.டி.ஐ. என்னும் பழைய சிநேகிதனை நாம் சிபார்சு செய்திருக்கிறோம். 1976-ல் விற்பனைக்கு வந்ததிலிருந்து, குடும்ப வண்டியின் வயிற்றில் பந்தயக்காரனின் இருதயத்தை வைத்தது போன்ற கார் அது. 2004-க்குப் பிறகு வந்த ஐந்தாம் தலைமுறையில் 200 குதிரைச் சக்தி. மூன்று கதவிலும் உண்டு, ஐந்து கதவிலும் உண்டு. ஐந்து கதவுள்ளதையே தேட வேண்டும். ரசிகர்கள் மூன்று கதவுதான் அழகு என்பார்கள். அவர்கள் குழந்தையைத் தூக்கப் போவதில்லை. இதிலும் குறைகள் உண்டு. உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பை அழுத்தும் சிறிய கிண்ணம் போன்ற உறுப்பு ஒன்று தேய்ந்து போகும். அதைச் சோதித்தார்களா, டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று ரசீது கேட்க வேண்டும். ஆனால் அந்த உறுப்பை உரிய காலத்தில் மாற்றுவது சிறு செலவு. யந்திரத்தையே மாற்றும் சங்கதியல்ல. ஒன்றரை மைல் ஓட்டம் இதற்கும் நல்லதல்லதான். வாரத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் எண்ணெய் நன்றாகக் காய்ந்து சுத்தமாகும். அதற்கு மாணாக்கர் ஆட்சேபம் சொல்லமாட்டார்!

எந்தக் காரானாலும் இங்கிலாந்தில் ஒரு சௌகரியம். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட கார்களை வருஷந்தோறும் எம்.ஓ.டி. என்னும் பரீக்ஷைக்கு உட்படுத்துகிறார்கள். காரின் எண்ணைக் கொடுத்தால் பல வருஷத்துப் பரீக்ஷை முடிவுகளையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வாத்தியாருக்கு இதைவிடப் பிரியமான பத்திரம் உண்டா? தேறியதா தவறியதா என்பதைவிட, பரீக்ஷகர் வருஷா வருஷம் எழுதிய எச்சரிக்கைகளைப் படிக்க வேண்டும். "துரு" என்ற சொல் மூன்று வருஷம் தொடர்ந்து வந்து, நாலாம் வருஷம் மாயமாய் மறைந்தால், வெல்டிங் வைத்தார்களா, வெறும் வர்ணந்தான் பூசினார்களா என்று விசாரிக்க வேண்டும். அந்நாட்டில் குளிர் காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். ஆர்.எக்ஸ். 8-ன் கதவடி விளிம்புகளைத் துரு தின்று விடுகிறது. அவை மோதலின்போது உடம்பைக் காக்கும் எலும்புகள். அதே போல, விபத்தில் எலும்பு முறிந்து பின்பு ஒட்டிய கார்களை 2017 அக்டோபர் முதல் "எஸ்" வகுப்பு என்று குறித்து வைக்கிறார்கள். எவ்வளவு மலிவானாலும் அதில் குழந்தைகளை ஏற்ற நாம் சம்மதியோம்.

டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று அச்சடித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். அதிகமாக ஓடாத ஸ்போர்ட்ஸ் காரில் பட்டன்கள் தேயாமலிருக்கும். ரப்பர் மட்டும் கிழடாகிக் கெட்டியாகியிருக்கும். ஈரச் சாலையில் அது பிடிக்காது. முந்தின சொந்தக்காரர் ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தியிருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அதைத் தெரிவிக்காமல் ஓட்டக் கூடாது. நாமானால் அப்படிப்பட்ட காரைப் பார்க்கவே போக மாட்டோம்.

கடைசியாக, ஆர்.எக்ஸ். 8-ஐ விட மனமில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் எழுதியிருக்கிறோம். முப்பத்தைந்து வயது மனிதனின் மனத்தை ஒரு கடிதத்தால் திருப்பிவிட முடியுமென்று நாம் எண்ணவில்லை. வாங்கல் யந்திரத்துக்கென்றே உள்ள கருவியால், இரண்டு சுழலிகளின் ஆறு முகங்களிலும் அழுத்தத்தைத் தனித்தனியே அளக்கச் சொல்ல வேண்டும். சாதாரணக் கருவி மூன்றில் பெரிய எண்ணை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். காரை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து முடுக்கிப் பார்க்க வேண்டும். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானதாகத் தேடினால் சாலை வரி கணிசமாகக் குறையும். இவ்வளவும் தேறினால் வாங்கி, சாமான் அறையில் எப்போதும் ஒரு லிட்டர் எண்ணெய் வைத்துக் கொள்ளட்டும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்தக் காரில் போக வேண்டாம். ஒன்றரை மைல்தானே, மழையில்லாத நாட்களில் பெண்ணை நடத்தியே கூட்டிப் போகலாம்.