ஒரு வீடு, இரண்டு ரவுட்டர், ஒரு பிரிண்டர்

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் போனில் பாதித் தெருவின் ஆதார் அட்டை இருக்கிறது. மார்க் ஷீட், பான் கார்டு, சம்பளச் சீட்டு எல்லாம் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பின்னாலேயே போய் பிரிண்ட் வாங்கி வருகிறோம். அவர் நல்ல மனிதர்தான், பிரச்சினை அதுவல்ல. இப்படி அனுப்புகிறவர்களில் பலர் வீட்டில் பிரிண்டர் இருக்கிறது! இங்க் காய்ந்துபோய் சும்மா கிடக்கிறது. ஏன் என்று கேட்டால், "மாடியில இருந்து குடுத்தா வர்றதில்லப்பா" என்பார்கள்.

வராததற்குப் பிரிண்டர் காரணமில்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் எல்லாம் குற்றவாளி இரண்டாவது ரவுட்டர்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அதன் எந்தத் துளையில் கேபிளைச் செருகினார்கள் என்பது.

பைபர் இணைப்போடு வந்த ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கும். மாடிக்கு சிக்னல் எட்டாது. கடையில் இன்னொன்று வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து, தனி நிறத்தில் இருக்கும் வான் போர்ட்டில் செருகிவிடுவார்கள். மாடியில் யூடியூப் ஓடும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நடந்தது என்னவென்றால், வீட்டுக்குள் இன்னொரு காம்பவுண்டு சுவர் கட்டி, கேட்டில் ஒரு வாட்ச்மேனையும் உட்கார வைத்தாயிற்று.

அந்த வாட்ச்மேன் பெயர் நாட். மாடியிலிருந்து வெளியே போகிறவர்களை அனுப்புவார், அவர்களுக்கு வரும் பதிலையும் உள்ளே விடுவார். வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டுகிறவர்களை விடமாட்டார். மாடி ரவுட்டருக்குக் கீழ்வீடும் "வெளியே"தான். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் சர்வரும் கீழே உட்கார்ந்திருக்கும் அப்பாவின் லேப்டாப்பும் அதற்கு ஒன்றுதான். அதனால் மாடிக் கம்ப்யூட்டரில் பகிர்ந்து வைத்த ஃபோல்டர் கீழே திறக்காது.

வேடிக்கை என்னவென்றால், மேலிருந்து கீழே போக வழி இருக்கிறது. பிரிண்டரின் ஐபி முகவரியை நேரடியாக அடித்தால் பெரும்பாலும் பிரிண்ட் வந்துவிடும். ஆனால் யார் அடிப்பது? போனில் பிரிண்ட் பட்டனைத் தொட்டால், "பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்று 224.0.0.251 என்ற பொது முகவரிக்குக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது, தாண்டாதபடிதான் அதை அமைத்திருக்கிறார்கள். பிரிண்டர் கீழே விழித்துக்கொண்டே இருக்கும், போன் "பிரிண்டர் இல்லை" என்று சொல்லிவிடும்.

என் கருத்து எளிமையானது. ஒரு வீட்டுக்கு ஒரு நெட்வொர்க் போதும். இரண்டாவது பெட்டி ரவுட்டர் வேலை பார்க்கவே கூடாது, சும்மா ஸ்விட்சாகவும் வைஃபை ஆன்டெனாவாகவும் இருந்தால் போதும். அதன் செட்டிங்கில் "ஆக்சஸ் பாயின்ட் மோட்" இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்யலாம். முதலில் அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள். கீழே இருப்பது 192.168.1.1 என்றால் இது 192.168.1.250 என்று இருக்கட்டும். கீழ் ரவுட்டர் மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் எண்களுக்குள் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாகக் கேபிளை வான் போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட் காலியாகவே இருக்கும், இன்டர்நெட் விளக்கு சிவப்பாகவே எரியும். எரியட்டும்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும், பாதிக் கருவிகளுக்கு நெட் வராது. ஒரு ஹாஸ்டல் பிளாக்கையே இப்படி சாய்த்துவிடலாம். செய்யாதீர்கள் :-)

"தனித்தனி நெட்வொர்க் பாதுகாப்பு இல்லையா?" என்று கேட்கலாம். மாடியில் வாடகைக்கு வேறு குடும்பம் இருந்தால் நியாயம்தான், சுவர் இருக்கட்டும். வருகிற விருந்தாளிக்கு கெஸ்ட் வைஃபை கொடுங்கள். ஒரே குடும்பத்துக்குள் எதற்குச் சுவர்?

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஃபோல்டர் திறக்கவில்லை என்று தேடினால், "எஸ்எம்பி 1 ஐ ஆன் பண்ணுங்க" என்று யோசனை சொல்லும் பழைய பக்கங்கள் வந்து நிற்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1 இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10 இல் அதை மைக்ரோசாஃப்ட் பொதுவாகச் சேர்ப்பதையே விட்டுவிட்டது. உங்கள் பழைய ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட் அது இல்லாமல் பென் டிரைவைக் காட்டாது என்றால், பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்குங்கள், தப்பில்லை. விண்டோஸில் வீட்டு வைஃபையை "பிரைவேட்" என்று குறித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல வீடுகளில் சிக்கல் அத்தோடு தீர்ந்துவிடும்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மலிவான ரவுட்டரின் 100 எம்பிபிஎஸ் போர்ட்டில்கூட ஒரு ஜிபி படம் ஒன்றரை நிமிடத்தில் மாடிக்கும் கீழுக்கும் போய்விடும், நெட் இணைப்பு அறுந்து கிடந்தாலும் போகும்.

எல்லாம் முடிந்தபின் கீழ் ரவுட்டரில் பிரிண்டருக்கு ஒரு நிரந்தர முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் என்றோ ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் முகவரி மாறும், மறுபடி "வர்றதில்லப்பா" ஆரம்பிக்கும்.