கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியில் கலையா, பிணையா?

மார்கழி பிறந்தால் திருச்சிக்கு இரட்டைக் கொண்டாட்டம். காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து. இந்தப் பக்கம் மெயின்கார்டு கேட் லூர்து அன்னை ஆலயத்தில் கிறிஸ்துமஸ். சேஷராயர் மண்டபத்தில் பாயும் கல்குதிரைகளையும், பெருமாளின் கருட வாகனத்தையும் பார்த்து வளர்கிற பிள்ளை, கடைவாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தால் என்ன கேட்கும்? "இவருக்கு மட்டும் ஏன் மான்?"

உண்மையில் இவரும் குதிரைக்காரர்தான்! தாத்தாவுக்கு மூலமான நெதர்லாந்தின் சின்டர்கிளாஸ் வருவது வெள்ளைக் குதிரையில். 1821-ல் நியூயார்க்கில் வெளிவந்த ஒரு சிறுவர் புத்தகம்தான் வண்டியில் ஒற்றை மானைப் பூட்டியது. 1823-ல் வந்த ஒரு கவிதை அதை எட்டாக்கியது. சிவப்பு மூக்கு ருடால்ஃப் ரொம்பவே ஜூனியர். 1939-ல் ஓர் அமெரிக்க வியாபார நிறுவனம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த கதைப் புத்தகத்தில் பிறந்தவன்.

பறக்குமா? பறக்காது. மூக்கு சிவப்பா? பல்பு எரியாது. ஆனால், மனித மூக்கைவிட அதன் மூக்கினுள் நுண் ரத்தக்குழாய்கள் 25 சதவிகிதம் நெருக்கமாக இருப்பதாக 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. கடுங்குளிரில் மூக்கு உறையாமல் இருக்க அந்த ரத்த ஓட்டம் உதவுகிறது.

சுவாரஸ்யமான கேள்வி, கொம்பு பற்றியது. தமிழில் இதைக் கலைமான் என்கிறோம். கலை என்றால் ஆண், பிணை என்றால் பெண். நம் ஊர்ப் புள்ளிமானில் கொம்பு இருந்தால் அது கலைதான், சந்தேகமே வேண்டாம். துருவத்து மானிடம் இந்தக் கணக்கு செல்லாது. மான் இனத்திலேயே பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதற்குத்தான். அதோடு, வளர்ந்த ஆண்கள் இணைசேரும் காலம் முடிந்ததும், பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்துக்குள், கொம்பை உதிர்த்துவிடும். பெண்ணோ வசந்தத்தில் குட்டி போடும்வரை வைத்திருக்கும். ஆக, டிசம்பர் 24 இரவு கொம்போடு வண்டி இழுப்பவை பிணைகளாகத்தான் இருக்க வேண்டும். ருடால்ஃபையும் சேர்த்து! (மான் மேய்ப்பவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: வண்டி இழுக்க அவர்கள் பழக்குவது பெரும்பாலும் காயடித்த ஆண்களை. அவற்றுக்கும் குளிர்காலத்தில் கொம்பு நிற்கும்.)

பிணைக்குக் கொம்பு எதற்கு? சோற்றுக்கு. குளிர்காலத்தில் அதன் முக்கிய உணவு, தரையில் பாசிபோலப் படர்ந்திருக்கும் லைக்கன். மேலே பனி மூடிக் கிடக்கும். குளம்பால் பனியைத் தோண்டிக் குழி பறித்துத் தின்னும். வயிற்றில் குட்டியோடு தோண்டிய குழியை இன்னொன்று பிடுங்க வந்தால், கொம்பு இல்லாத பெரிய ஆணைக்கூட விரட்டிவிடும்.

ஆனால், கொம்பாலும் குளம்பாலும் வெல்ல முடியாத ஒன்று வந்திருக்கிறது. மழை! ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் அடைத்துப் பெய்தால் டெல்டா விவசாயிக்கு வயிறு குளிரும். துருவத்தில் அதே மாதங்களில் பனிமேல் மழை பெய்தால், அது உறைந்து கல்லாகிவிடும். அடியில் தீனி இருக்கும், தோண்ட முடியாது. பூமி சூடாக ஆக, அங்கே பனி விழவேண்டிய காலத்தில் மழை பெய்வது கூடுகிறது.

ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் இப்படித்தான் நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் பட்டினியால் செத்த மான்கள் சுமார் 61,000. அங்கே தலைமுறை தலைமுறையாக மான் மேய்க்கும் நெனெட்ஸ் மக்களில் பலர் மந்தை முழுவதையும் இழந்தார்கள். வண்டி இழுக்கவும் மான் இல்லாமல் பனிவெளியில் அப்படியே மாட்டிக்கொண்டவர்கள், மீன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டு, அடுத்தவரிடம் சில மான்களை இரவல் வாங்கி மந்தையை மறுபடி தொடங்கினார்கள்.