ஆறு மாதம் பொறு என்றார்கள்!

கன்னம் வைத்துக் கள்ளன் உள்ளே நுழைந்துவிட்டான். காவலாளி, "ஆறு மாதம் பார்ப்போம், அவனாகவே போனாலும் போய்விடுவான்" என்கிறான். இப்படியும் ஒரு காவலா என்று சீறுவீர்கள். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கு ஆண்டுக்கணக்கில் நடந்த காவல் இதுதான்!

காரணம் இல்லாமலில்லை, அதை மறைக்க நாம் விரும்பவில்லை. இந்தக் கிருமி இரத்தத்தில் புகுந்த முதல் ஆறு மாதத்திற்குள், 100-க்கு ஏறத்தாழ 30 பேரிடமிருந்து மருந்தின்றியே அகன்றுவிடுகிறது. மீதி 70 பேர்? அவர்களிடம் குடியேறிவிடுகிறது. பலருக்குக் காய்ச்சலுமில்லை, காமாலையுமில்லை. சந்தடியின்றிக் கல்லீரலை அரிக்கிறது. அப்படி அகப்பட்டவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு, 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது.

தொடக்கத்திலேயே தாக்கினால் வெல்லலாம் என்று 2001-ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் மருத்துவர்கள் காட்டினர். நோயாளிகள் 44 பேர். 24 வாரம் இன்டர்பெரான் ஊசி. முடிவில் 43 பேர் இரத்தத்தில் கிருமி இல்லை! ஆனால் அந்த ஊசி தரும் காய்ச்சலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே, தானே அகலுமா என்று மருத்துவர் பொறுத்துப் பார்த்ததில் இரக்கம் இருந்தது.

2013 டிசம்பரில் சோபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. ஊசித் தொல்லை ஒழியும் காலம் வந்தது. விலை? மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர்! 12 வாரத்திற்கு 84,000 டாலர்! அன்று முதல் "பொறு" என்ற சொல் மருத்துவர் வாயிலிருந்து கணக்கப்பிள்ளை வாய்க்கு மாறிற்று. கல்லீரல் கெட்டுவிட்டது என்று சான்று கொண்டுவா, பிறகு மருந்து தருகிறோம் என்றன, ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை நடத்திய பல மாநிலங்கள். போதையை விட்டொழித்ததற்கும் சான்று கேட்டன. கெடுவதற்கு முன் காப்பதா மருத்துவம், கெட்ட பின் கதவு திறப்பதா?

மருந்தைச் செய்ய அவ்வளவு செலவா என்று கேட்பீர்கள். 2014-ல் உரிமம் பெற்ற இந்தியத் தொழிற்கூடங்கள் அதே மருந்தைச் செய்தபோது, விலை சில நூறு டாலராக வீழ்ந்தது. வேறென்ன சான்று வேண்டும்?

இன்று மருத்துவ நெறிகள், கிருமி தெரிந்தவுடன் காத்திராமல் மருந்து கொடு என்கின்றன. தொடக்கநிலை நோய்க்கென்றே 8 வார மாத்திரைக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆய்வில் 100-க்கு 96 பேர் குணமடைந்தனர். குணமடைந்தவருக்கும் மீண்டும் தொற்றலாம். தடுப்பூசி இதுவரை இல்லை. மீண்டும் வந்தவரிடம், "ஒருமுறை தந்தாயிற்றே" என்று கைவிரிக்கக் காத்திருக்கும் கணக்கப்பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.