கொட்டை எழுத்து

மறக்கலாகாத செய்தியைக் 'கொட்டை எழுத்தில் எழுதிவை' என்பது நம்மவர் வழக்கு. அவ்வெழுத்தின் பயனை அறிய மயிலிட்டித் துறைமுகம் நல்ல இடம். வள்ளங்களின் அணியத்தில் தடித்த வர்ண எழுத்துகளைக் காணலாம். வருவது எவருடைய வள்ளம் என்பதைக் கரையில் நிற்பவர் அறியவேண்டும் அல்லவா? அழகு அங்கே இரண்டாம் பட்சமே.

மேல்நாட்டில் இத்தகைய அச்செழுத்து 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் பரவலாயிற்று. புத்தகம் படிப்பவர் எழுத்தைக் கண்ணருகே வைத்துக்கொள்வார். சுவரொட்டியைப் பார்ப்பவரோ நடந்துகொண்டே பார்ப்பார். ஆகவே ராபர்ட் தோர்ன் முதலிய எழுத்துவார்ப்பாளர் நிமிர்ந்த கோடுகளை மிகத் தடிப்பாக்கினர். மற்றக் கோடுகளை மயிரிழையாக விட்டனர். கோடுகளின் முனைகளில் 'ஸெரிப்' எனப்படும் சிறு பாதங்களை வைத்தனர். 1922 இல் சிக்காகோ நகரின் ஒஸ்வால்ட் கூப்பர் அமைத்த 'கூப்பர் பிளாக்' அப்பாதங்களையும் உருட்டிவிட்டது. பணியாரம் போல் உப்பிய எழுத்து அது. எனினும் கடைப்பலகைக்கும் விளம்பரத்துக்கும் இன்றும் விரும்பப்படுகிறது.

தமிழெழுத்தின் வரலாறு வேறு. ஓலையில் எழுத்தாணி கீறும் கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் இல்லை, பாதமும் இல்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷனார் 1834 இல் அச்சுக்கூடம் அமைத்தனர். 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையில் தமிழும் ஆங்கிலமும் அயலவராய் அமர்ந்தன. ஆனால் அயலவருக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. ஆங்கில எழுத்தினுள் ஒன்றிரண்டு வெளிகளே உண்டு. அதனைத் தடிப்பாக்கினும் அவை தப்பிவிடும். நமது எழுத்திலோ சுழிகள் மலிந்துள்ளன. கோடு பருக்கப் பருக்கச் சுழியின் கண் மூடுகிறது. மூன்றுசுழி 'ண' எது, இரண்டுசுழி 'ன' எது என்று தொலைவில் நிற்பவர் தடுமாறுவார். ஈகாரக் குறியின் சுழி அடைபட்டால் 'வீதி' என்பது 'விதி' ஆகிவிடும்! மாணவர் ஏட்டிலாயின் ஆசிரியர் திருத்துவார். சந்தியில் நாட்டிய பலகையை யார் திருத்துவது?

கைதேர்ந்த பலகை எழுத்தாளர் சுழியை முதலில் அகலமாக வளைத்துக்கொண்டு, பின்னரே அதனைச் சூழக் கோட்டைப் பருக்கவைப்பார். கணினியோ, தடித்த எழுத்துரு தன்னிடம் இல்லாதபோது, மெல்லிய எழுத்தையே நாற்புறமும் வீங்கவைத்துத் தந்துவிடுகிறது. திருமண அழைப்பிதழ்களிலும் மரண அறிவித்தல்களிலும் கறுத்த கட்டிகளாய்க் கிடக்கும் பெயர்கள் பல இவ்வாறு பிறந்தவையே. இதற்கு மாற்று இல்லாமலில்லை. 'நோட்டோ ஸெரிப் தமிழ்' என்னும் இலவச எழுத்துருவில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது படிகள் உண்டு.

மயிலிட்டிக்கு இது சிறிய காரியமன்று. 1990 ஜூனில் ஊரவர் இடம்பெயர்ந்தனர். துறைமுகமும் அதனைச் சூழ்ந்த ஒரு பகுதியும் 2017 ஜூலையிலேதான் விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் வேற்றிடங்களிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தாய் தந்தையர் ஒழுங்கைகளை எழுத்துக்கூட்டியே அறிய வேண்டியவராயினர். முதியோருக்குக் கால் வழி சொல்லும். இவர்களுக்குப் பலகைதான் சொல்லவேண்டும்.

பலகை எழுதுவிப்போர், வர்ணம் பூசுமுன் வரைபடத்தைச் சுவரிற் சாத்தி, முப்பது அடி பின்னே நின்று, எட்டு வயதுப் பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்லலாம். பிள்ளை 'விதி' என்று வாசித்தால் சுழியை இன்னும் சற்று அகட்டிவிடுக.