தோலைத் தொட்டால் தீட்டா?



கடந்த பள்ளி விடுமுறையில், என் வகுப்பு மாணவர் ஐவரைப் பெற்றோரின் இசைவுடன் என் இல்லத்திற்கு வரச் சொல்லியிருந்தேன். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று வகுப்பில் எத்தனை முறை வலியுறுத்தினாலும், இரண்டு வாரங்களில் அந்த ஏடு மேசைக்கடியில் மறைந்துவிடுகிறது. தம் கையாலேயே அதற்கொரு தோலுறை தைத்துக்கொண்டால் ஏட்டின்மீது பற்று உண்டாகும் என எண்ணினேன்.

முதல் நாள் மாலையே ஒரு தாயாரிடமிருந்து புலனத்தில் செய்தி வந்தது. "ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். மகன் நன்றாகப் படித்து முன்னேற வேண்டும் என்றுதான் உங்களிடம் அனுப்பினோம். செருப்புத் தைக்கும் வேலையைப் பழகுவதற்கு அல்ல."

மறுநாள் அந்த மாணவன் வரவில்லை. அறுபது துளைகளில் 32 தைத்த நிலையில் அவனது உறை என் மேசைமீது கிடக்கின்றது.

அத்தாயாரைக் குறைகூற இதை நான் எழுதவில்லை. அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நம்மில் பலர் சொல்லாமல் மனத்தில் வைத்திருக்கிறோம். சிறுவயதில், ஐந்தடியில் அமர்ந்து காலணி தைக்கும் பெரியவரிடம் காசு கொடுக்கும்போது, அவர் கையில் என் கை படாமல் மேலிருந்து போடுவேன். வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பல்லாண்டுகள் கழித்து, அதே தொழில் செய்யும் வேறொரு முதியவரிடம் அமர்ந்துதான் இரட்டை ஊசித் தையலைக் கற்றேன். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்த வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல்கள் பிரியாமல் நிற்கும். இது அறிவில்லாதவர் கண்டுபிடிப்பா?

இவ்வேலையில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்போர்க்குச் சொல்கிறேன். ஏ5 அளவு ஏட்டின் உயரம் 21 செ.மீ., அகலம் 14.8 செ.மீ. முதன்முதலில் நான் செய்த உறை மூடவே மறுத்தது. ஏட்டின் தடிப்பைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன்! இரண்டு அட்டைகளுக்கு 29.6, முதுகுப் பகுதிக்கு 1.5, மடங்குவதற்குச் சற்றே இடம்; ஆக 32. உள்ளே மடித்துத் தைக்க இருபுறமும் ஆறு ஆறு. மொத்தம் 44 செ.மீ. நீளமும் 23 செ.மீ. உயரமும் உள்ள தோல் தேவை. மாணவர்களை முதலில் பழைய நாளிதழில் வெட்டிப் பார்க்கச் செய்தேன். ஐவரில் மூவர் என்னைப் போலவே தவறினர். பின்னமும் கூட்டலும் அன்று அவர்களுக்கு விளங்கியதுபோல் பயிற்சிப் புத்தகத்தில் விளங்கியதில்லை.

தோலை வெட்டுவதும் குத்தூசியால் துளையிடுவதும் என் பொறுப்பு. துளைக்கான இடங்களை மாணவர்கள் முள்கரண்டியை அழுத்திக் குறித்தார்கள், இடைவெளி பிசகாது. நூலில் தேன்மெழுகு தடவுவதும் தைப்பதும் அவர்கள் வேலை. தோலுக்காகப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. பழைய கைப்பைகளைப் பிரித்தெடுத்தோம். செயற்கைத் தோல் நம் நாட்டு வெப்பத்தில் சில ஆண்டுகளில் உரிந்துவிடும். ஆகவே உண்மையான தோலா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். நெகிழிப் பையில் மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

இனி, தீட்டு என்பதற்கு வருவோம்.

உறையைப் பாதியில் விட்டுப் போன அம்மாணவன் வார இறுதியில் மிருதங்கம் பயில்கிறான். மரபு மிருதங்கத்தின் இரு முகங்களும் தோல். அவற்றை இழுத்துக் கட்டும் வாரும் தோல். நம் கோவில் திருவிழாக்களில் முழங்கும் உறுமியும் தோல்தான். இசைக் கருவியாக மடியில் வைத்துக் கும்பிட்டுத் தொடும் பொருளை, நாட்குறிப்பின் உறையாகத் தொட்டால் இழிவு என்பது என்ன நியாயம்? தோலில் இழிவில்லை. அதைத் தைத்தவர்களை நாம் எங்கே அமர்த்தினோம் என்பதில்தான் இழிவு இருக்கின்றது. அந்த இழிவு நம்முடையது.

புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் என்னும் புலவர், சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி செய்த போரின் விரைவுக்கு, கட்டிலுக்கு வார் பிணிப்பவனின் ஊசி ஓடும் விரைவை உவமையாக்குகிறார். அத்தொழிலாளியைத் தாழ்ந்தவன் எனக் குறிக்கும் சொல் அப்பாடலிலேயே இருக்கின்றது. ஆயினும் மன்னனின் வீரத்தை அளக்க, புலவருக்கு அவன் கையூசிதான் தேவைப்பட்டது. தமிழ் கற்பிக்கும் நாம் அந்த உவமையை வியந்து பாராட்டுகிறோம். அந்த ஊசியைப் பிள்ளையின் கையில் கொடுக்க மட்டும் தயங்குகிறோம்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. நம் மனத்திலிருந்து அஃது இன்னும் அகலவில்லை. எதைச் செய்தாலும் "இதற்குப் புள்ளி உண்டா?" என்ற வினாவே முன் வருகிறது. கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதும் வீட்டில் வளரும் பிள்ளை, நாளை அத்தொழில் செய்யும் மனிதரையும் தாழ்வாகவே கருதும்.

பெற்றோர்களே, சமய நம்பிக்கையால் மாட்டுத்தோல் வேண்டாம் என்றால் ஆட்டுத்தோல் போதும். உயிர்ப்பொருளே வேண்டாம் என்றால் பழைய ஜீன்ஸ் துணியில் தையுங்கள். அளவும் தையலும் ஒன்றே. அந்த மறுப்பை நான் முழுமனத்துடன் மதிக்கிறேன். "அது கீழானவர்கள் வேலை" என்ற மறுப்பை மட்டும் ஒருக்காலும் ஏற்க இயலாது.

மற்ற நால்வரும் உறையை முடித்துக் கொண்டு போனார்கள். அவர்களில் இருவர் இன்றும் நாள் தவறாமல் எழுதுகிறார்கள். மற்ற இருவரும் எழுதுவதை விட்டுவிட்டார்கள், உண்மையை மறைப்பானேன்?

என் மேசையில் இன்னும் 28 துளைகள் காத்திருக்கின்றன. ஊசிகளை நூலிலிருந்து நான் கழற்றவில்லை. அம்மாணவன் எப்போது வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தைக்கலாம். அவன் தாயாரும் உடன் வந்தால் மிக மகிழ்வேன்.