கந்தையானாலும் கசக்கிக் கட்டு

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. துணிக்கு மட்டுமன்று, இக்காலத்துக் கணினிக்கும் இவ்வாக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டில் சிறிய மேசைக் கணினி ஒன்று உண்டு. ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை அண்ணன் படிப்புக்காக அப்பா வாங்கி வந்தார். புத்தகப் பை அளவே உள்ள பெட்டி. அண்ணன் வேலைக்குப் போனபின் அது மூலையில் முடங்கிற்று. "எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் அப்பா. "நான் விளையாட வைத்துக்கொள்கிறேன்" என்றேன். "பெண்பிள்ளைக்கு எதற்கடி இந்த விளையாட்டு?" என்றார் பாட்டி. இவ்விருவருக்கும் நான் சொல்லும் விடையே இக்கட்டுரை.

முதலில் அப்பாவுக்கு. விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஓ, 2017-க்கு முற்பட்ட இன்டெல் கணினிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இதனால் நல்ல நிலையில் உள்ள பெட்டிகளும் குப்பைக்குப் போகின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாக மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவே என்றும் ஐக்கிய நாடுகளின் 2024 அறிக்கை கூறுகிறது. பழைய கணினிக்கு லினக்ஸ் என்னும் இலவச மென்பொருள் உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸில் தமிழிலேயே பணிசெய்யலாம். ஆகவே, வயதானது என்பதற்காக எடைக்குப் போடத் தேவையில்லை.

சரி, விளையாட்டுக்கு அதை எவ்வாறு தகுதியாக்குவது? எங்கள் பெட்டி 2013-இல் வந்த நான்காம் தலைமுறை ஐ5 வகை. முதல் வேலை தூசு தட்டுவது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு திறந்தேன். கடற்காற்று வீசும் ஊரல்லவா? மின்விசிறியில் தூசும் பிசுக்கும் ஒட்டடை போல் அப்பியிருந்தன. அடுத்து, சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். சோறு வடிக்கும் நேரம் எடுத்த பெட்டி, இப்போது ஒரு நிமிடத்துக்குள் விழிக்கிறது. பிறகு ராம். எட்டு ஜிபி வேண்டுமானால் ஒரே பட்டையாகப் போடாமல், நான்கு ஜிபி பட்டைகள் இரண்டாகப் போடுவது நலம். இரண்டு பட்டையும் இரண்டு வழிகளாக வேலை செய்யும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி படம் காட்டவும் ராமையே கடன் வாங்குவதால், விளையாட்டில் இதன் பயன் நன்கு தெரியும்.

இவ்வளவிலேயே சதுரங்கமும், சூப்பர் டக்ஸ்கார்ட் என்னும் இலவசப் பந்தய விளையாட்டும் நன்றாக ஓடுகின்றன. இதற்கு மேலும் வேண்டுவோர் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம். ஆனால் எச்சரிக்கை தேவை. நாங்கள் முதலில் வாங்கிய கார்டு உயரமானது. பெட்டியின் மூடி மூடவில்லை! குட்டையான வகை என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பவர் சப்ளையும் சிறியது, எங்களுடையது 240 வாட்தான். கார்டு செருகும் துளை 75 வாட்டுக்கு மேல் தராது. எனவே தனி மின்கம்பி கேட்காத கார்டே பொருந்தும். 30 வாட்டில் ஓடும் ஜி.டி. 1030 அத்தகையது. அதிலும் ஒரு சூது உண்டு. அதே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம் உள்ளது நல்லது; டி.டி.ஆர்.4 உள்ளது மிகவும் மெதுவானது. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

இனிப் பாட்டிக்கு. பாட்டி சிறுமியாக இருந்தபோது பல்லாங்குழி ஆடினார். அதில் சோழி எண்ணியே கணக்குக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். அன்றைய குழி இன்று திரையாயிற்று, அவ்வளவே. 2025-இல் மகளிர் உலகக் கோப்பைச் சதுரங்கத்தை வென்ற திவ்யா தேஷ்முக் அப்போது பத்தொன்பது வயதுப் பெண் அல்லவா? பெட்டியைத் திறக்கும் வேலையை அண்ணனுக்கென்று ஒதுக்கியிருந்தால், எனக்கு வாட் என்பது பாடநூலில் உள்ள ஒரு சொல்லாகவே இருந்திருக்கும். திருகாணியைக் கழற்றிய பிறகே அதன் பொருள் விளங்கிற்று.

"விளையாட்டில் மூழ்கிப் படிப்பை விட்டால்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கைப்பேசி போர்வைக்குள்ளும் வரும்; மேசைக் கணினி கூடத்தை விட்டு நகராது. பிள்ளை என்ன ஆடுகிறாள், எவ்வளவு நேரம் ஆடுகிறாள் என்பது வீட்டார் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் பாடம் முடித்தபின் அரைமணி நேரம் என்பது விதி. மணியைப் பார்ப்பவர் பாட்டி. அவர் பார்வையில் ஒரு நிமிடமும் கூடுதலாகாது!

ஆகவே தோழியரே, உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு பழைய பெட்டி தூங்குகிறதா? எடைக்குப் போடுமுன் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். வாங்கிய பொருளை விட, செப்பனிட்ட பொருளே நமக்கு உரியதாகிறது.