வரி முடிவுக்கு ஒரு பொது விதி

தட்டச்சுப் பயின்றோர் அனைவரும் ஒன்றை அறிவர். ஒரு வரியை அடித்து முடித்ததும் இடப்புறத்துக் கைப்பிடியைத் தள்ளினால் இரண்டு செயல்கள் நிகழும். தாளைத் தாங்கிய உருளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். தாளும் ஒரு வரி மேலேறும். தள்ளுவது ஒன்றே, செயல்கள் இரண்டு. தொலையச்சுப் பொறிகள் தோன்றியபோது இவ்விரு செயல்களுக்கும் தனித்தனியே குறிகள் அமைக்கப்பட்டன. தொடக்கத்துக்குத் திரும்புதற்குப் பொறிக்குச் சற்றே கூடுதலான நேரம் வேண்டியிருந்தமையின், அதற்குரிய குறியை முதலிலும் தாளை ஏற்றும் குறியை அடுத்தும் அனுப்புவது வழக்கமாயிற்று. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி என்னும் குறித்தொகுதியும் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டது. திரும்பும் குறிக்கு எண் 13. ஏற்றும் குறிக்கு எண் 10.

நம் நாட்டிலும் இப்பொறிகள் செய்யப்பட்டன. 1960-இல் இத்தாலி நாட்டு ஒலிவெட்டி நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் சென்னையில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் அவற்றைச் செய்தளித்தது. பின்னர்க் காலம் மாறியது. 2013 ஜூலையில் தந்திப் பணியும் நிறுத்தப்பட்டது. பொறிகள் மறைந்தன, ஆனால் அவற்றின் குறிகள் மறையவில்லை. இன்று கணிப்பொறியில் எழுதப்படும் எளிய உரைக்கோப்பு ஒவ்வொன்றிலும், வரிகளின் ஈற்றில் கண்ணுக்குப் புலப்படாமல் அவை வாழ்கின்றன.

அவை எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே வகையில் வாழவில்லை என்பதே இடர்ப்பாட்டுக்குக் காரணம். யூனிக்ஸ் இயக்கமுறைமையும் அதன் வழிவந்த லினக்ஸும் வரி முடிவுக்கு 10 என்னும் ஒரு குறியையே கொள்கின்றன. எம்.எஸ்.டாஸும் அதன்பின் வந்த விண்டோஸும் 13, 10 ஆகிய இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் முன்பு 13-ஐ மட்டும் கொண்டிருந்தது. 2001-இல் வெளிவந்த புதிய இயக்கமுறைமையில் அதுவும் 10-க்கு மாறிவிட்டது. இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதத்தால் பயனில்லை. இருவேறு முறைமைகளில் பணிபுரிவோர் ஒரே கோப்பில் கைவைக்கும்போது ஒழுங்கைக் காப்பது எவ்வாறு என்பதே வினா.

இவ்வினா பெங்களூரு போன்ற நகரத்துக்கு மிகவும் பொருந்தும். அலுவலக மேசைகளிலும் பணியாளர் கையிலுள்ள மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் விண்டோஸ் இயங்குகிறது. ஆய்வு நிலையங்களின் வழங்கிகளிலோ லினக்ஸ் இயங்குகிறது. லினக்ஸ் ஆர்வலர் கூடிய பெருமாநாடு 2001-லேயே இந்நகரில் நடைபெற்றது. சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் இந்திய இயக்கமுறைமையை 2007-இல் வெளியிட்டது. அரசாங்கப் பயன்பாட்டு நிரல்களின் மூலத்தைத் திறந்து, பலர் கூடி வளர்க்க வேண்டும் என்னும் கொள்கையை மத்திய அரசாங்கம் 2015-இல் அறிவித்தது. அதற்கென ஓப்பன்ஃபோர்ஜ் என்னும் களமும் பின்னர் அமைந்தது. இங்ஙனம் பலர் கூடிச் செய்யும் பணி பெருகப் பெருக, நிரலாளர் மட்டுமன்றிக் களப்பணியாளரும் ஆசிரியரும் பொதுக்கோப்புகளில் எழுதும் நிலை வந்துள்ளது.

அத்தகைய பணிக்கு அடிப்படையாக விளங்குவது பதிப்புக் கட்டுப்பாடு என்னும் முறை. அதனைத் தமிழறிந்தோர்க்கு விளக்குதல் அரிதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் கண்டு குறித்தார். எந்த ஏட்டில் எந்தச் சொல் வேறுபடுகிறது என்பதே அங்குக் கேள்வி. பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலும் அதனையே செய்கிறது: ஒரு கோப்பு நேற்று இருந்த நிலைக்கும் இன்று இருக்கும் நிலைக்கும் இடையே எந்த வரி மாறியது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பவற்றைக் காக்கிறது. இவ்வகை நிரல்கள் 1970-களிலேயே தோன்றின. இன்று பெருவழக்கிலுள்ள கிட் என்பது லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் 2005-இல் தொடங்கப்பெற்றது.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு மாவட்டத்தின் மழையளவுப் பட்டியல் ஆயிரம் வரிகளில் பெங்களூரிலுள்ள ஒரு வழங்கியில் இருக்கிறது எனக் கொள்வோம். ஓரிடத்து மழையளவு 12.4 மில்லிமீட்டர் என்றிருக்க வேண்டியது 124 எனத் தவறாகப் பதிவாகியுள்ளது. களப்பணியாளர் ஒருவர் தம் விண்டோஸ் கணிப்பொறியில் அப்பட்டியலைத் திறந்து, அந்த ஒரு புள்ளியை இட்டுத் திருப்பி அனுப்புகிறார். அவர் பயன்படுத்திய தொகுப்பு நிரல் ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் 13-ஆம் குறியைச் சேர்த்துவிடுகிறது. கோப்பு ஆயிரம் எழுத்தளவு பெருத்துவிட்டது. வேறுபாட்டுப் பட்டியலோ ஆயிரம் வரிகள் நீக்கப்பட்டன என்றும், ஆயிரம் வரிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன என்றும் காட்டுகிறது. மெய்யான திருத்தம் அந்த ஆயிரத்தினுள் ஒளிந்துகொள்கிறது.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, சரிபார்ப்பவர் திருத்தத்தைக் காண இயலாது. நல்ல திருத்தம் மறைவது போலவே தவறான திருத்தமும் மறையும். ஆயிரம் வரிகளையும் எவர் படிப்பார்? இரண்டாவது, யார் எந்த வரியை எழுதினார் என்னும் வரலாறு குலைகிறது. பத்தாண்டுகளாகப் பலர் சேர்த்த வரிகள் அனைத்தும் கடைசியாகக் கைவைத்தவர் பெயரில் நிற்கும். மூன்றாவது, கோப்பைப் படிக்கும் நிரல்களே தடுமாறும். பட்டியலின் கடைசிப் பத்தியில் கோலார் என்று ஊர்ப்பெயர் இருப்பின், லினக்ஸில் இயங்கும் நிரல் சில வேளைகளில் அதனோடு 13-ஆம் குறியையும் சேர்த்தே படித்துவிடும். மனிதர் கண்ணுக்கு அது கோலாரே. பொறிக்கோ அது வேறொரு சொல். ஆதலின் கோலாரின் கணக்கு கோலாரில் சேராது. கட்டளைக் கோப்பாயின், முதல் வரியில் குறித்த நிரலே இல்லை என்று கூறிப் பொறி நின்றுவிடும். நிரல் இருக்கிறது, அதன் பெயரின் பின்னே ஒட்டிய குறிதான் மிகை.

இவ்விடர்ப்பாட்டுக்கு இருவகைத் தீர்வுகள் வழக்கில் உள்ளன. ஒன்று, ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பொறியில் அமைப்பு ஒன்றைச் செய்துகொள்வது. கிட் நிரலில் இதற்கு ஆட்டோ-சிஆர்எல்எஃப் என்று பெயர். அதனை இயக்கினால், கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்கும்போது 13-ஆம் குறி நீக்கப்படும்; வெளியே எடுக்கும்போது மீண்டும் சேர்க்கப்படும். இது பயனற்றதன்று. எனினும் இது தனிமனிதரின் நினைவை நம்பி நிற்பது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர் அதனை அறியார். மடிக்கணினி பழுதுற்று வேறொன்றை இரவல் பெற்றவர் அதனை மறப்பார். பத்துப் பேரில் ஒன்பது பேர் விதியைக் காத்தாலும், பத்தாமவர் அறியாமல் செய்யும் ஒரு பதிவு போதும். அப்போது பழி அவர்மேல் விழுகிறது, குறையோ ஏற்பாட்டினுடையது.

மற்றொன்று, விதியைப் பணியோடே சேர்த்து வைப்பது. சப்வெர்ஷன் என்னும் முந்தைய நிரலிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் வரி முடிவின் வகையைக் குறித்து வைக்கும் வசதி இருந்தது. கிட் நிரலில் களஞ்சியத்தின் தலைவாயிலில் கிட்-ஆட்ரிபியூட்ஸ் என்னும் சிறு கோப்பை வைத்தால் போதும். உரைக்கோப்புகள் அனைத்தும் களஞ்சியத்துள் 10-ஆம் குறியோடு மட்டுமே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியில் கூறலாம். லினக்ஸ் கட்டளைக் கோப்புகள் எங்கு எடுக்கப்படினும் 10-ஐ மட்டும் கொள்க, விண்டோஸின் பேட்ச் கோப்புகள் இரண்டையும் கொள்க, படங்களைத் தொடாதே என்று விலக்குகளையும் வகுக்கலாம். களஞ்சியத்தைப் பெறுபவர் எவரும் இவ்விதியையும் உடன் பெறுகிறார். அவரது கணிப்பொறியின் அமைப்பு எதுவாயினும் இவ்விதியே மேலோங்கும். ஒருவரும் எதனையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. இத்தீர்வே ஏற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் கூறப்படுவதுண்டு. இக்காலத்துத் தொகுப்பு நிரல்கள் இருவகை வரி முடிவுகளையும் படிக்க வல்லவை. விண்டோஸின் நோட்பேடுகூட 2018-இல் அத்திறனைப் பெற்றுவிட்டது. ஆகவே விதி எதற்கு என்பர். முன்பு லினக்ஸில் எழுதிய கோப்பை நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு தோன்றும். அது தொல்லைதான், ஆயினும் எச்சரிக்கையாகவும் இருந்தது. இன்று அவ்வெச்சரிக்கையும் இல்லை. கோப்பு ஒழுங்காகத் தோன்றுகிறது; உள்ளே வேறுபாடு தொடர்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறைக்கே விதி மிகுதியும் தேவை.

எழுத்துருக் குழப்பத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ஓர் அலுவலகத்தில் அடித்த தமிழ்க் கடிதம் மற்றோர் அலுவலகத்தில் பொருளற்ற கீறல்களாகத் தோன்றிய காலத்தை ஆசிரியர் பலரும் கண்டவர்களே. கன்னடத்திலும் நுடி, பரஹ முதலிய நிரல்கள் வெவ்வேறு குறியேற்றங்களைக் கையாண்டன. குறை கண்ணெதிரே நின்றமையால் மக்கள் முறையிட்டனர்; தரங்களும் பிறந்தன. 1991-இல் இந்தியத் தர அமைவனம் இஸ்கி தரத்தை வெளியிட்டது. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. வரி முடிவுக்காக முறையிடுவார் இல்லை. அதனாலேயே அந்தந்தப் பணியின் பொறுப்பாளர் தாமாக முன்வந்து விதி செய்தல் வேண்டும்.

முன்னரே கலந்து கிடக்கும் கோப்புகளைச் சீர்செய்வதிலும் ஒரு முறை உண்டு. திருத்தங்களோடு கலவாமல், அறிவித்த ஒரு நாளில், வரி முடிவை மட்டும் சீராக்கித் தனிப் பதிவாகச் சேர்த்தல் வேண்டும். 2018 முதல் கிட் நிரலில் இதற்கென்றே கட்டளை உள்ளது. வரிகளின் வரலாற்றைக் காணும்போது அப்பதிவை ஒதுக்கிவிட்டு முந்தையவரின் பெயரைக் காட்டும் வசதியும் 2019-இல் வந்தது. ஆதலின் பழைய உழைப்பாளரின் பெயர் அழியும் என்னும் அச்சமும் இனி வேண்டுவதில்லை.

பள்ளியிலும் பயிற்சி நிலையங்களிலும் கணிப்பொறி கற்பிப்போர் இச்சிறு செய்தியை முதல் வாரத்திலேயே கற்பித்தல் நன்று. ஒரே உரையை இருவகையாகச் சேமித்து, இரண்டின் எழுத்தளவையும் ஒப்பிட்டுக் காட்டினால், மாணவர் அரை மணியில் உணர்வர். பணியின் பொறுப்பாளரோ, ஆயிரம் வரி மாற்றத்தோடு ஒரு திருத்தம் வந்து சேரும்போது, அனுப்பியவரைக் கடிந்து திருப்பியனுப்புமுன் தம் களஞ்சியத்தில் விதி எழுதப்பட்டுள்ளதா என்று நோக்குதல் வேண்டும். தொலைவிலுள்ள ஒருவர் மெனக்கெட்டு இட்ட ஒரு புள்ளி, உரிய வரியில், உரியவர் பெயரில் நிலைத்து நிற்பதற்கு அந்தச் சிறு கோப்பே போதும்.